பன்னிரண்டாவது டேக்

நான் பபூன்.
என் சொல்லில் பாதியைக் கழித்துக்கொண்டுதான்
கேட்க வேண்டும்.
இருபத்திரண்டு வருசம் அவளோடு ஆடினேன்,
ஒரு ராத்திரிகூட மேடையில்
அவளை ஜெயித்ததில்லை.

நோட்டீசில் மூக்கையூர் மோகனா.
ஞானஸ்நானப் பெயர் இன்னாசியம்மாள்.
தகப்பன் சூசை, கடல் தொழில்.
மகள் முகத்தில் அரிதாரம் கண்ட அன்று
அவர் கதவை அடைக்கவில்லை.
வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
வலை பொத்திக்கொண்டிருந்தார்.
அந்த முதுகை அவள் பிறகு
எத்தனையோ ராஜாக்களுக்குக் கொடுத்தாள்.
"மண்டியிடுற மகளுக்கு அப்பன்
இப்படித் திரும்பணும்" என்று
ராஜபார்ட்டின் தோளைப் பிடித்துத் திருப்புவாள்.

சாயல்குடிப் பக்கம் ஒரு முளைப்பாரி.
மணி இரண்டு. ஜெனரேட்டர் நின்றுவிட்டது.
நானென்றால் நாலு கெட்ட வார்த்தையில்
கூட்டத்தைக் கட்டிவைப்பேன்.
அவள் இருட்டில் பேச ஆரம்பித்தாள்.
வசனமில்லை.
அன்று காலை கீழக்கரை மார்க்கெட்டில்
ஓரா மீனுக்கு நடந்த பேரம்.
வாங்குகிறவளுக்கு ஒரு குரல்,
விற்கிறவளுக்கு ஒரு குரல்,
நடுவில் மீனுக்கும் ஒன்று.
விளக்கு வந்ததும்
"அணைங்கடா" என்றது கூட்டம்.

பிறகுதான் சினிமா. மூன்று படம்.
ஒன்றில் கதாநாயகனின் அத்தைக்குப் பின்னால் நின்றாள்.
ஒன்றில் பிணம்.
"மூச்சை அடக்க முந்நூறு ரூவா.
விடுறதுக்கு எவன் தர்றான்?" என்றாள்,
பாம்பன் பாலத்தில் பஸ் நின்றபோது.

மூன்றாவது தனுஷ்கோடியில்.
கடலுக்குப் போன புருசன் திரும்பவில்லை,
மணலில் விழுந்து மாரிலடித்துக் கதறணும்.
டைரக்டர் நல்ல பையன்.
அம்மா என்றுதான் கூப்பிட்டான்.
"உடம்பு கரைக்கு வர்றவரைக்கும்
எங்க பக்கம் அழமாட்டோம், தம்பி.
அழுதா நாமளே அவனைக் கொன்னதா ஆயிரும்.
உலை வைப்போம்.
அவனுக்கும் சேர்த்து அரிசி போடுவோம்."
பையன் யோசித்தான்,
உண்மையாகவே யோசித்தான்.
வெளிச்சம் போகுது என்றார் கேமராக்காரர்.

பதினோரு முறை அழுதாள்.
கிளிசரினுக்கு மேல் கச்சான் காற்று
கண்ணில் மணலை அறைந்தது.
பன்னிரண்டாவதில் அழவில்லை.
முந்தானையை உதறிச் செருகினாள்.
இடிந்த சுவரிலிருந்து பவளக்கல் மூன்று
பொறுக்கிவந்து மணலில் வைத்தாள்.
சுள்ளி இல்லை, பானை இல்லை.
குனிந்து ஊதினாள்.
புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
ரிஃப்ளெக்டர் பிடித்திருந்த பையன்
கண்ணைக் கசக்கினான்.

ஃபிலிம் எப்போதோ தீர்ந்துவிட்டதாம்,
பிறகு சொன்னார்கள்.

ராமநாதபுரத்தில் படம் ஒன்பது நாள் ஓடியது.
திரையில் அவள் வாய் திறக்கிறாள்,
மெட்ராஸில் கண்ணாடி அறைக்குள் நின்று
வேறொருத்தி "அத்தான்!" என்கிறாள்.
அத்தான் என்ற சொல்லை எங்கள் கரையில்
கொட்டகைக்குள் மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.
மோகனா இடைவேளையில் முறுக்கு வாங்கினாள்.
"நல்ல குரல். நமக்கு இந்தக் கீச்சு வராது."
கேலியா, மெச்சலா,
கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

செத்த அன்று ஏர்வாடியில் எனக்கு நாடகம்.
போனேன். சிரிக்கவைத்தேன்.
அட்வான்ஸ் வாங்கியிருந்தேன்.

ஒன்று விட்டுவிட்டேன்.
அன்று தனுஷ்கோடியில் ஏறி
டெம்போ கால் மைல் வந்திருக்கும்.
நிறுத்தச் சொன்னாள்.
"அடுப்பை அணைக்காம வந்துட்டேன்."
டிரைவர் என்னைப் பார்த்தான்,
பபூன் சிரித்தால் தானும் சிரிக்கலாமென்று.
நான் சிரிக்கவில்லை.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
மணலில் திரும்பி நடந்தாள்.
இருட்டிவிட்டது.
வந்து உட்கார்ந்தபோது
சேலையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது,
"ம், போகலாம்" என்று
விரல் நுனிகளை ஊதிக்கொண்டாள்.